வாரண்டி இருந்த வண்டி

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் ‘கம்பெனி’. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. தான் ஓட்டும் வேனைத் தயாரித்த கம்பெனியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். யாராவது அதைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசினால் போதும், சொந்தத் தம்பியைத் திட்டிய மாதிரி சண்டைக்கு வந்துவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் ஆடியதில் நியாயம் இருந்தது. பத்தொன்பது வருடம் அந்த வேனில் தண்ணீர் கேன் ஏற்றினார். என் பட்டறைக்கு அது வந்ததெல்லாம் ஆயில் மாற்றவும் டயர் மாற்றவும்தான். வழியில் நின்றது ஒரே ஒரு தடவை, அதுவும் டீசல் போட மறந்ததால். அவர் வண்டியை நம்பி நான் மெக்கானிக் தொழிலுக்கு வந்திருந்தால் வயிற்றில் ஈரத்துணிதான்.

அதனால் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். “ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்” என்பார். ஒரே பானையில் வெந்த சோறாக இருந்தால் சரி. பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்த வேனைச் செய்தவர்களும் இன்று அங்கே வேலை செய்பவர்களும் ஒரே ஆட்களா என்று ஒருமுறை கேட்டேன். “உன் பட்டறைக்கு வேலை வரலன்னு உனக்கு வயித்தெரிச்சல்” என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அவருடைய தங்கை கணவர் முட்டை வியாபாரி. புது வண்டிக்கு வேறொரு கம்பெனியில் விலை பேசி வைத்திருந்த மனிதரை, இவர்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் கம்பெனி ஷோரூமுக்குக் கூட்டிப்போனார். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தங்கையும் சொல்லிவிட்டாள். அதற்குமேல் முட்டை வியாபாரி என்ன பேசுவார்?

மூன்றாவது மாதம் கம்பெனியும் முட்டை வியாபாரியும் என் பட்டறைக்கு வந்தார்கள்.

“பிரேக் மிதிச்சா பெடல் மெத்துன்னு உள்ள போகுதுண்ணா. ரெண்டாவது தடவை மிதிச்சாதான் பிடிக்குது” என்றார் முட்டை வியாபாரி.

நானும் மிதித்துப் பார்த்தேன். வெளியே எங்கும் கசிவு இல்லை, பிரேக் ஆயிலும் குறையவில்லை. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் அழுத்தத்தைத் தாங்கவில்லை என்று பட்டது. அரை நாள் விட்டுப் போனால் கழற்றிப் பார்க்கிறேன் என்றேன்.

“ஸ்பானரக் கீழ வை. வெளி ஆளு கை வச்சா வாரண்டி போயிடும்” என்றார் கம்பெனி. “பயப்படாதீங்க மாப்பிள்ளை. என் வண்டியும் புதுசுல இப்படித்தான் இருந்துச்சு. ஓட ஓட சரியாயிடும். அடுத்த மாசம் சர்வீஸ் வருதுல்ல, அப்ப சொல்லிக்கலாம்.”

“அதுவரைக்கும் ஓட்டலாமா மச்சான்?”

“பிரேக் சரியில்லாமலா வெளிய விட்டிருப்பான்? தாராளமா ஓட்டுங்க.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன். சாவியைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு ரோஷம்தான் பெரிதாக இருந்தது.

பதினோராம் நாள், மார்க்கெட் இறக்கத்தில் முட்டை லோடோடு வந்த வண்டி, நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதியது. முட்டை வியாபாரி அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதிவேகம் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. நசுங்கிப்போன வண்டியை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது நான் “பிரேக்...” என்று ஆரம்பித்தேன். “மாப்பிள்ளைக்கு எப்பவுமே அவசரம்” என்றார் கம்பெனி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கையும் அப்படித்தான் நம்பினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “மெதுவாப் போங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா? ரெண்டு பிள்ளைங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாரே பாவி!” என்று புலம்பினாள். பிள்ளைகள் காதில் விழவே சொன்னாள். போகப்போக அழுகை குறைந்தது, திட்டு குறையவில்லை. கம்பெனி தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வருவார். அடுத்தவர் குடும்ப விஷயம் நமக்கெதற்கு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அது யோக்கியமான காரியம் என்று சொல்ல வரவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு மதியம், கம்பெனி தன் வேனுக்கு ஆயில் மாற்ற வந்திருந்தபோது தங்கை பட்டறைக்கே வந்தாள். கையில் பிரிக்காத ஒரு கவர். வண்டி சமாச்சாரம் எதுவானாலும் அண்ணனிடம் கொடுத்துவிடுவது அவள் வழக்கம்.

“அவரு பேருக்கு வந்திருக்குண்ணா. என்னன்னு பாரு.”

கம்பெனி கவரைப் பிரித்து இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். வண்டியைத் தயாரித்தவர்கள் அனுப்பிய கடிதம். அந்த வண்டியோடு சேர்ந்து தயாரான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் சீலில் குறை இருக்கிறதாம். பிரேக் பிடிக்காமல் போகலாமாம். வண்டியை ஓட்ட வேண்டாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சர்வீஸ் விளம்பரம் என்று சொல்லி அவர் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நானும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன்.

“வண்டியிலயே தப்பு இருந்திருக்கும்மா. பிரேக்ல” என்றார்.

“அப்போ அவரு வேகமாப் போகலையா?”

“இல்ல.”

“பிரேக் சரியில்லன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். இங்கதான் வந்து சொன்னாரு. மெக்கானிக் கழட்டிப் பாக்கறேன்னாரு. நான்தான் வேணாம்னேன். ஓட்டுங்கன்னு சொன்னேன்.”

அவள் கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏழு மாசமா அவரத் திட்டிக்கிட்டு இருக்கேன்” என்றாள் கடைசியில். “இப்பப் பிள்ளைங்களும் திட்டுதுங்க. நான்தான் சொல்லிக்குடுத்தேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?”

அவள் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம், அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி எழுந்து போனாள்.