ரத்தத்தில் ஆரியம் தேடி வந்தவர்

கொல்லிமலை சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இலவசமாக எதையாவது தூக்கிக்கொண்டு மலையேறி வருகிறவர்களைக் கண்டால் எதற்கு என்று இன்றும் கேட்டுவிடுவேன்.

மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான வளப்பூர் நாட்டில் ஒருமுறை சுகர் கேம்ப். ஊசி, ஸ்ட்ரிப் எல்லாம் ஓர் அறக்கட்டளைக்காரர் உபயம். கேம்ப் தொடங்கும் நேரத்தில்தான் டியூப் பெட்டி ஒன்றை நீட்டினார்.

"மேடம், ஆளுக்கு ஒரு டியூப் ரத்தம் சேர்த்து எடுத்துடுங்க. வம்சாவளி ஆராய்ச்சிக்கு. இவங்ககிட்ட சொல்ல வேண்டாம், குழம்பிடுவாங்க."

"சொல்லாம எடுக்க மாட்டேன் சார்."

சிரித்துக்கொண்டே ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போனார். விருந்தாளி யார் வந்தாலும், இந்த மலைப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதையைச் சொல்வது இங்கே வழக்கம். கவுண்டரும் சொன்னார். அறக்கட்டளைக்காரர் கைகொட்டினார்.

"அப்ப வடக்கேருந்து வந்த ஆரிய ரத்தம் உங்களுது! நீங்க பழங்குடியே இல்ல, அதுக்கும் மேல. டெஸ்ட் பண்ணி புத்தகமாவே போட்டுடறேன்!"

கவுண்டர் மீசையைத் தடவினார். லேப் படிப்புக்கு முன்னால் நான் படித்தது வரலாறு. வேதப் பாடல்களைப் பாடியவர்களும் பழைய ஈரானியரும் தங்களை அழைத்துக்கொண்ட பெயர்தான் ஆரியர் என்பது. ஐரோப்பிய அறிஞர்கள் அதை ஒரு மொழிக்குடும்பத்துக்கு வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதை இனமாக்கி ரத்தத்தில் ஏற்றினார்கள். ஜெர்மனியில் அந்தப் பெயரைச் சொல்லியே மனிதர்களைப் பிரித்துக் கொன்றார்கள். நான் பார்த்த ரத்தத்தில் குரூப் உண்டு, சுகர் உண்டு. ஆரியம் இருந்ததில்லை.

என் முன்னால் ராசம்மா கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகளின் காலேஜ் சீட், பழங்குடிச் சான்றிதழ் விசாரணையில் தொங்கிக்கொண்டிருந்த நேரம். அறக்கட்டளைக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, நாங்க பழங்குடி இல்லீன்னு எழுதப் போறீங்களா?"

"பெருமைதானேம்மா?"

"உங்க பெருமையில எம்புள்ள படிப்பு போயிருமுங்க." என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, கைய வுட்டுருங்க."

கவுண்டரின் கை மீசையிலிருந்து இறங்கியது. "சாமி, அந்தக் கதை விருந்தாளிக்குச் சொல்றதுங்க. எங்களப் பழங்குடிப் பட்டியல்லேருந்து தொரத்தறதுக்கில்லீங்க."

வரிசை கலைந்தது. அறக்கட்டளைக்காரர் காலி டியூப்களோடு இறங்கிப் போனார். ஆனால் சுகர் பார்க்கவும் யாரும் நிற்கவில்லை. அடுத்த வாரம் வீடு வீடாக நானே போனேன். ராசம்மா மட்டும் விரலை நீட்டினார்.

"இந்த ரத்தம் எங்க போகுமுங்க?"

"எங்கேயும் போகாதுங்க."

சுகர் ஏறித்தான் இருந்தது. பார்த்து முடித்ததும், ஸ்ட்ரிப்பைத் தன் கண் முன்னாலேயே அடுப்பில் போடச் சொன்னார். மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில்தான் போட வேண்டும் என்பது விதி. நான் அடுப்பில் போட்டேன். இத்தனை வருடம் பழகிய என்னையும் அவர் நம்பவில்லை. வலித்தது. ஆனாலும் அவர் செய்ததுதான் சரி.

பிள்ளைகளே, எதற்கு என்று கேட்கிறவரிடம் எரிந்து விழாதீர்கள். பதில் சொல்லிவிட்டு ஊசியை எடுங்கள்.