திங்கள்தோறும் ரத்தம் கொடுத்தேன்

2007 ஜூன் 3, ஞாயிறு காலை 7.10 மணி, காற்றே இல்லாத புழுக்கம். மாமல்லபுரத்தில் ஒரு சலூனில் முகச்சவரம் செய்துகொண்டபோது கன்னத்தில் கீறல் விழுந்தது. வேறு யாருக்கோ போட்ட பழைய பிளேடு என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"இன்னா சார், ஒரு சொட்டு ரத்தத்துக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார் கடைக்காரர்.

எனக்கு எச்.ஐ.வி. பயம் பிடித்துக்கொண்டது. பேத்தியைத் தூக்குவதை நிறுத்தினேன். சர்க்கரைக்குப் பார்ப்பதுபோல இதையும் வாரா வாரம் பார்க்கவேண்டும் என்று நானே முடிவுசெய்து, திங்கள்தோறும் செங்கல்பட்டில் அரசுப் பரிசோதனை மையத்துக்குப் போனேன். நான்கு முறையும் 'இல்லை' என்றே வந்தது. மனம் ஆறவில்லை.

ஐந்தாம் வாரம் ஆலோசகர் அம்மா ரத்தம் எடுக்கவில்லை. "முதல் நாளே சொன்னேனே ஐயா! பிளேடால வர்றது ரொம்ப அபூர்வம். உங்க நிம்மதிக்காக, மூணு மாசம் முடிஞ்சதும் ஒரே தடவை பாருங்க, போதும். தூக்கினா இது பரவாது. பேத்தியை இன்னைக்கே தூக்குங்க."

வெளியே, மருந்து வாங்க வந்திருந்த ஆட்டோக்காரரிடம் புலம்பினேன். "எனக்கு அந்த நோவு கீது, பெருசு. மாத்திரை போட்டுகினு தினம் வண்டி ஓட்றேன். உனக்கு இல்லாததுக்கே இப்டியா?" என்று சிரித்தார். வெட்கமாகிவிட்டது. அன்று மாலையே பேத்தியைத் தூக்கினேன்.

செப்டம்பர் 3 அன்றும் 'இல்லை'தான். இனி புதிதாக ஏதாவது ஆபத்து நேர்ந்தால் மட்டுமே பரிசோதனை. சவரத்துக்கு உட்காரும் முன்பே புது பிளேடு கேட்டுவிடுகிறேன். அதற்கு இரண்டு ரூபாய். பரிசோதனை இலவசம். ஆறு தடவை போய்வந்த பஸ் கட்டணம், நூற்றெட்டு ரூபாய்.