8.39க்கு நின்ற வண்டி

இது நடந்தது.

கோயமுத்தூர்க்காரர் எதையும் முதலில் சொன்ன விலைக்கு வாங்க மாட்டார். இதையும் பாதிக்குப் பாதி குறைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த நேரங்களைச் சொன்னவர் ரசாக். முப்பத்தாறு வருஷம் நிமிஷத்துக்குப் பதில் சொல்லியே பிழைத்த மனுஷன். அவர் 8.31 என்றால் 8.31தான்.

2025 ஜூன் 30, திங்கட்கிழமை. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை வண்டி. மூன்று பெட்டி, ஒரு நீராவி எஞ்சின். அதன் டிரைவர் ரசாக்குக்கு அன்றோடு வேலை முடிகிறது.

கடைசி வண்டியில் டிரைவரின் வீட்டு ஆட்களும் ஏறி வருவது வழக்கம். ரசாக்கின் மனைவி தாஜுன்னிசா இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மலை வண்டியில் ஏறியதில்லை. அன்று கோயமுத்தூர் உக்கடத்திலிருந்து விடியும் முன்பே கார் பிடித்து வந்து சேர்ந்தாள்.

"உங்க சட்டையத் தொவைச்சே பாதி மலையப் பாத்துப்போட்டேன். வந்ததே வந்தேன், முன்னாடி ஜன்னல்தான் வேணும்."

"மொதப் பொட்டில முழுக்க வெளியூர்க்காரங்க இருக்காங்க, தாஜு."

"இருந்தா? டிரைவர் பொண்டாட்டின்னு சொல்லிப் பாக்கறேன். நகரலைன்னா, ஒடம்பு சரியில்லைன்னு சொல்றேன்."

மூன்றே நிமிஷத்தில் ஜன்னல் கைக்கு வந்துவிட்டது.

இந்த வண்டியில் ஒரு விசித்திரம் உண்டு. மலை ஏறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது. பின்னாலிருந்து தள்ளும். முன்னால் பாறை கிடக்கிறதா, யானை நிற்கிறதா, டிரைவருக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் பிரேக்ஸ்மேன் பாலுசாமி கொடியோடு நிற்பார். அவர் காட்டுகிற நிறத்தை அடுத்த பெட்டிக்காரர் காட்டுவார், அதைப் பார்த்து அதற்கடுத்தவர். அந்த மூன்றாவது கொடியை நம்பித்தான் டிரைவர் தள்ள வேண்டும். சொந்த மனைவியை முன்னால் உட்கார வைத்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுகிற மாதிரி.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரயில்வேயில் டெட்டனேட்டர் என்று ஒரு வெடி உண்டு. ஷூ பாலிஷ் டப்பா மாதிரி தகர வில்லை. தண்டவாளத்தின் மேல் கட்டிவிட்டால், முதல் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். பத்துப் பத்து மீட்டர் விட்டு மூன்று வெடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்னால் ஆபத்து. நிறுத்து.

அதே வெடியைக் கொண்டாட்டத்துக்கும் வைப்பார்கள். டிரைவர் ரிட்டையர் ஆகிற நாளில் கூட்டாளிகள் நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு கட்டிவிடுவார்கள். விதிப்படி கூடாது. ஆனால் அது இல்லாமல் யாரும் ரிட்டையர் ஆனதாக ரசாக்குக்கு நினைவில்லை.

பாதி மலையில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற ஸ்டேஷன் ஒன்று. அங்கே தண்டவாளம் திருப்பிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் சீனிவாசலு. முந்தின நாளே போன் பண்ணியிருந்தார்.

"பன்னெண்டு கட்டி வெக்கறனுங்க பாய். மேளம் சொல்லியாச்சு. மாலை ஆள் ஒசரம். நின்னுகின்னு போடாம வந்து சேருங்க!"

சொன்னதில் ஒரு குத்தல் இருந்தது. பல வருஷம் முன்னால் ஒரு டிரைவர், தனக்கு வைத்த வெடிக்கே பயந்து வண்டியை நிறுத்திவிட்டார். 'ஊசிவெடி' என்று அவருக்குப் பெயர் வைத்ததே ரசாக்தான். அந்த மனுஷன் கடைசிவரை எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. போனால் பந்தியில் யாராவது 'டமார்' என்பார்கள்.

7.10க்கு வண்டி கிளம்பியது. எட்டு மணிக்கு மேல் பல்சக்கரப் பாதை. ஆள் ஓடி முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாகத்தான் ஏறும். பனி இறங்க ஆரம்பித்தது. முதல் பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவது பெட்டியின் பச்சைக் கொடி மட்டும் தெரிந்தது.

மணி 8.31.

டமார்... டமார்... டமார்.

முதல் பெட்டிக்குக் கீழே. பயணிகள் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்.

ஃபயர்மேன் அனீஸ் கரி வாரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "இங்கியே ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க பாய்!"

ரசாக்கும் சிரித்தார். கை மட்டும் பிரேக்குக்குப் போய் நின்றது. கொண்டாட்டத்துக்குக் கட்டுபவர்கள் நெருக்கமாகக் கட்டுவார்கள். இது அப்படி வெடிக்கவில்லை. சரியாகப் பத்துப் பத்து மீட்டர்.

கொடி பச்சை.

ஊசிவெடியின் முகம் நினைவுக்கு வந்தது. ரசாக் கையை எடுத்துக்கொண்டார். வண்டி ஏறியது.

8.36.

டமார்... டமார்... டமார்.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

"பாய்..." என்றான் அனீஸ். "இப்ப ரெண்டாவது பொட்டிக்கு அடியில கேட்டுது."

ரசாக்குக்கும் அப்படித்தான் கேட்டது. அது நடக்காத காரியம். தண்டவாளத்தில் இருந்தால் முதல் பெட்டியின் முதல் சக்கரத்திலேயே வெடித்திருக்க வேண்டும். முதல் பெட்டியை விட்டுவிட்டு இரண்டாவதுக்காக அது காத்திருக்காது.

வெடித்தால் வருகிற மருந்து வாடையும் இல்லை.

கொடி... பச்சை.

"மலையில எதிரொலிக்கும்டா," என்றார். தனக்கே சொல்லிக்கொண்டார்.

8.39.

டமார்...

மூன்றாவது பெட்டி.

டமார்...

முன்னால் தாஜு உட்கார்ந்திருக்கிறாள்.

டமார்.

அடுத்தது எஞ்சின்.

"யா அல்லாஹ்!" ரசாக் பிரேக்கை இழுத்தார்.

வண்டி நின்றது.

பாலுசாமி பின்னோக்கி ஓடிவந்தார். கையில் இன்னும் பச்சைக் கொடி.

"என்னங்க பாய்? லைன் கிளியருங்க. ஏன் நிறுத்திப்போட்டீங்க?"

"வெடி கேட்கலியா?"

"கேட்டுது. உங்களுக்குத்தானுங்க வெச்சிருக்காங்க!"

இருவரும் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள். வெடித்திருந்தால் கிழிந்த தகரம் கிடக்கும். கட்டின ஈயப்பட்டை கிடக்கும். ஒன்றுமில்லை. கரி படிந்த அடையாளம்கூட இல்லை. முன்னால் ஐம்பது அடிவரை சுத்தமான பாதை. அதற்கு மேல் பனி.

"மேலிருந்து கீமேன் நடந்து வந்து பாதையப் பாத்துச் சொல்லட்டும். அது வரைக்கும் நகர மாட்டேன்."

பாலுசாமி குரலைத் தணித்தார். "பாய்... ஊசிவெடிக்கு நீங்க வெச்ச பேர் இன்னும் ஓடுதுங்க. அத்தன பேரும் மாலையோட நிக்கறாங்க."

"எனக்கும் பேர் வெச்சுட்டுப் போகட்டும். மொதப் பொட்டில எம் பொண்டாட்டி இருக்கா."

வண்டியின் கார்டு போனில் கத்திக்கொண்டிருந்தார். சிக்னல் வந்து வந்து போனது. ரசாக் எஞ்சினில் ஏறி உட்கார்ந்தார்.

8.52.

அனீஸின் டீ டம்ளர் நடுங்கியது.

பிரேக் போட்ட எஞ்சின். சக்கரம் ஓர் அங்குலம் அசையவில்லை. ஆனால் அடியில் ஏதோ நகர்ந்தது. எஞ்சினுக்கு அடியில்... மூன்றாவது பெட்டியில்... இரண்டாவதில்... முதல் பெட்டியில்... அப்படியே மேலே போய்விட்டது. சக்கரச் சத்தம். தெளிவாக. இந்த வண்டியின் சத்தம்தான்.

முதல் பெட்டியிலிருந்து தாஜுன்னிசா எட்டிப் பார்த்துக் கத்தினாள். "ஏனுங்க! வண்டி கெளம்பிருச்சா? கெளம்புன மாதிரியே இருந்துச்சு!"

அனீஸ் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.

9.04.

தூரத்தில், மேலே, ஸ்டேஷன் இருக்கிற பக்கம்.

டமார் டமார் டமார்...

நெருக்கமாக. ரசாக் எண்ணினார். பன்னிரண்டு.

பாலுசாமி எஞ்சினுக்கு ஓடிவந்தார். "வண்டி இங்கதானுங்க நிக்குது... யாருக்குங்க வெடிக்கறாங்க?"

பத்தேகாலுக்குக் கீமேன் வந்து சேர்ந்தார். பாதை சுத்தம் என்றார். கல் இல்லை, மண் சரியவில்லை. வண்டி ஸ்டேஷனை அடைந்தபோது 10.41.

கேலியை எதிர்பார்த்துத்தான் ரசாக் இறங்கினார். கேட்டுச் சிரித்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தார்.

ஒருவரும் கேலி செய்யவில்லை. மேளக்காரர்கள் கருவியைக் கட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். ஆள் உயர மாலை பெஞ்சில் கிடந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. சீனிவாசலு ரசாக்கைப் பார்க்கவே இல்லை. முதல் பெட்டிக்குப் போய், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார். தாஜுன்னிசா இறங்கியதும் இரண்டடி பின்னால் போனார்.

"என்ன சீனிவாசலு, பேயப் பாத்த மாதிரி பாக்கறீங்க?" என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து வியாழக்கிழமை சீனிவாசலு உக்கடத்து வீட்டுக்கு வந்தார். அன்று போடாமல் விட்ட சால்வை பையில் இருந்தது. தாஜுன்னிசா டீ கொண்டு வந்து நீட்டினாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் டீபாயில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்புறம்தான் வாய் திறந்தார்.

"ரயில்வேல எழுதிக் குடுக்கலீங்க பாய். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்கு 9.04க்கு வண்டி வந்துச்சு."

ரசாக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"வெடி பன்னெண்டும் வெடிச்சுது. மேளம் ஆரம்பிச்சாங்க, கை தட்டுனோம். வண்டி நிக்கல. மலையேத்தத்துல அந்த வேகத்துல எந்த எஞ்சினும் போகாதுங்க பாய். பனிக்குள்ள போயிருச்சு. மேல் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுனேன். அப்படி ஒரு வண்டி வரவே இல்லைன்னாங்க."

"பனியில வேற எதையாச்சும்..."

"பாலுசாமி முன்னாடி நின்னாருங்க. பச்சைக் கொடியோட. அடுத்த ஜன்னல்ல உங்க வீட்டு அக்கா. கை நீட்டுனா தொட்டிருக்கலாம். அக்கான்னு கூப்புட்டேன். திரும்பல. எல்லா ஜன்னல்லயும் ஆள் இருந்தாங்க. ஒருத்தருகூடக் கண்ண மூடித் தொறக்கல."

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தாஜுன்னிசா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அதை எடுத்து வைத்தாள்.

ரசாக் திரும்பிக் கேட்டார். "நான்?"

சீனிவாசலு பையிலிருந்து சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பின்னாடி எஞ்சின் தள்ளிட்டுத்தானுங்க வந்துச்சு... அதுல மட்டும் ஆளே இல்லீங்க பாய்."