அக்கரைக் கோபுரத்துக்கு ஓர் ஆள்

அண்ணாமலையும் மகள் பூங்குழலியும் சேர்ந்து செய்த கடைசி வேலை மிளகு பறித்தது. அவர் ஒற்றை மூங்கில் ஏணியில் மேலே நின்றார். அவள் ஒரு கையால் ஏணியையும் மறு கையால் போனையும் பிடித்திருந்தாள்.

"எதைக் கண்ணு புடிக்கற?"

"ரெண்டையுந்தாங்கப்பா. நேபாளத்துல இருந்து பேசறாங்க."

"அப்ப அதையே புடி. ஏணிக்கு மரம் இருக்குது."

மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில் பிறந்தவர் அண்ணாமலை. இளவயதில் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு இறக்க வந்தவர், அப்படியே மின்கம்பி டவர் வேலைக்கு ஆள் ஏற்றிய லாரியில் ஏறிவிட்டார். மலைக்காரனுக்கு உயரம் என்றால் பயமிருக்காது என்று மேஸ்திரி நம்பினார். முதல் கோபுரத்தில் அண்ணாமலை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். பிறகு அவரே மேஸ்திரி ஆனார்.

பீகார் எல்லையில்தான் அவர் பேர் எடுத்தார். கடைசி இந்தியக் கோபுரத்துக்கும் முதல் நேபாளக் கோபுரத்துக்கும் நடுவே கம்பி இழுக்க வேண்டும். இங்கே கம்பியை இழுக்கும் எந்திரம், அங்கே அது தளராமல் பிடிக்கும் பிரேக். ஒரு பக்கம் அவசரப்பட்டால் மறுபக்கத்து ஆள் சாவான். இரண்டு குழுவும் ஒன்றையொன்று நம்பவில்லை.

"அவங்காளு நம்ம டவர்ல ஏறட்டும், நம்மாளு அங்க போகட்டும்," என்றார் அண்ணாமலை. "அப்பப் பாக்கலாம், எவன் அவசரப்படறான்னு."

தன் மைத்துனர் மாணிக்கத்தை எல்லை தாண்டி அக்கரைக்கு அனுப்பினார். கம்பி ஏறியது. கோடையில் இங்கிருந்து அங்கேயும், மழைக்காலத்தில் அங்கிருந்து இங்கேயும் மின்சாரம் ஓடியது.

இப்போது அந்தக் கம்பி போதவில்லை. கூடுதல் மின்சாரம் சுமக்கும் கம்பியாக மாற்றும் திட்டத்தின் பொறியாளர் பூங்குழலி. சித்திரையில் மின்சாரத்தை நிறுத்த இரண்டு நாடும் ஒத்துக்கொண்டிருந்தன. தவறினால் மழை, அடுத்த வருடம்தான். அக்கரைக்காரர்கள் கேட்டது ஒன்றே: பிரேக்கில் பழையபடி மாணிக்கம் நிற்க வேண்டும்.

ஆனால் வேறொரு வேலையில் காறை எலும்பு முறிந்து திரும்பிய மாணிக்கத்தை, மனைவி பெருமாயி மலை இறங்க விடவில்லை.

"பெருமாயிகிட்ட நான் போய்ப் பேசறேன்," என்றார் அண்ணாமலை. "போன்ல சொன்னா மொளகாத்தூள் இங்க வரைக்கும் பறக்கும்."

மறுநாள் காலையில் போவதாக இருந்தார். விடியுமுன் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. பறித்த மிளகு கிளற ஆளில்லாமல் தார்ப்பாயில் கிடந்தது.

கருமாதி முடிந்ததும் மாணிக்கம் பூங்குழலியிடம், "உங்கத்தை சொல்லட்டும் சாமி, கெளம்பறேன்," என்றார். வேறு ஆளை அனுப்பலாமா என்று பூங்குழலி யோசித்தாள். அக்கரையில் ஏற்கமாட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் ஏற்கமாட்டாள். வண்டியை எடுத்தாள்.

பெருமாயி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் சொல்லித்தான் இந்த மனுசன் ஊரூராப் போனாரு. இப்ப நீ வந்துட்டியா?"

"ஆமாங்கத்தை."

"பயமில்லைன்னு சொல்லுவ."

"பயமிருக்குதுங்க. மாமா ஏற வேண்டாம். கீழ பிரேக்குல நின்னாப் போதும். நானும் பக்கத்துலயே நிப்பேன்."

"கம்பி அறுந்தா?"

"எனக்கும் சேர்த்துத்தானுங்க."

பெருமாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னொரு கத்தியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. உரிச்சுக்கிட்டே முழுசாச் சொல்லு. மறைச்சீன்னா தெரிஞ்சுரும்."

பூங்குழலி உட்கார்ந்தாள். அப்பா வந்து சொல்லியிருக்க வேண்டியதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.