நான்காம் எண் கை

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி தொங்கிக் கிடக்கு?" என்று அக்காதான் பேச்செடுத்தார்.

அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கூடத்தின் உதவியாளர் அவர். ரப்பர் தோலில் மாணவர்கள் போட்ட தையலைப் பிரித்து மறுநாளைக்குத் தயார் செய்வார். தேர்வன்று கைகளை மட்டும் வீடியோ எடுத்து, பெயருக்குப் பதில் எண் ஒட்டுவார். பெரிய டாக்டருக்குக்கூட அவர் அக்காதான்.

"ரெண்டு தடவை ஃபெயில் அக்கா. இதுவும் போனா ஒரு வருஷம் போச்சு."

"யார் கைன்னு தெரியாமத்தானே மார்க் போடுறாங்க?"

"இடதுகைக்காரி நான் ஒருத்திதானே. ஊசியை எடுத்ததுமே தெரிஞ்சுடும். பாத்தா கண்ணு உறுத்துதாம் மார்க் போடுற பெரிய டாக்டருக்கு."

"உறுத்தினா சொட்டு மருந்து போட்டுக்கட்டும்," என்றார் அக்கா. "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

வாய் திறக்கவே யோசிக்கிற மாணவி அவள். அத்தனையும் சொல்லிவிட்டோமே என்று வெட்கமாகிவிட்டது. அதற்குள் அக்கா, கையில் பிடித்த ரப்பர் தோலோடு பெரிய டாக்டரின் அறைக்குள் நுழைந்துவிட்டார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

"சார், ஒரு கை மட்டும் யாருதுன்னு ஊருக்கே தெரியுதே. அந்த வீடியோவை மட்டும் கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பிட்டா, எல்லாம் வலதுகை ஆயிடும்."

பெரிய டாக்டர் யோசித்தார். "சரி. ஆனா எது திருப்பினதுன்னு நான் கண்டுபிடிச்சுடுவேன்."

"பிடிங்க, பாப்போம்."

ஒத்திகையில் எண்ணும் சேர்ந்து திரும்பிக்கொண்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு, திருப்பி முடித்த பிறகு எண்ணை ஒட்டினார்.

எட்டு வீடியோக்கள். ஊசி பிடிக்கும் விதம், வீண் அசைவு, முடிச்சின் இறுக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்ட பெரிய டாக்டர், இரண்டாம் எண்ணில் விரல் வைத்தார். "இதுதான் அந்த இடதுகை. தடுமாற்றத்தைப் பாருங்க."

அது அவருடைய செல்ல மாணவனின் கை. அவளுடையது நான்காம் எண், மதிப்பெண்ணில் எட்டுப் பேரில் இரண்டாமிடம். பெயர்ப் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "அக்கா, எனக்கும் ஒரு தேர்வு வைக்கணும் போல."

பெரிய டாக்டர் போனதும் அவள் அக்காவிடம் வந்தாள். "உங்களுக்கு நான் என்ன செய்யணும் அக்கா?" என்று கேட்டாள்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய ரப்பர் தோல். அதில் வரிசையாகப் பதினோரு தையல்கள்.

"பிரிச்சுப் பிரிச்சே கத்துக்கிட்டேன். அடுத்த தடவை என் கையையும் வீடியோ எடுத்து, ஒன்பதாவதா சேத்து விடுங்க டாக்டரம்மா. மார்க்கை மட்டும் எங்கிட்ட சொல்லுங்க. கம்மியா வந்தா வெளியில மூச்சு விடக்கூடாது."