காருக்கு வெயில், நமக்குத் தூண் நிழல்

எங்கள் மேடவாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு நிலநடுக்கத்தில் ஆடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. மின்விசிறி லேசாக அசைந்தது. நான் தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் இயற்பியல் வாத்தியார். ஆட்டம் நின்றபோது நான் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன், கையில் ஸ்கூட்டர் சாவியோடு.

எங்கள் ஜனங்களின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். தூண்களின் மேல் நிற்கும் ஐந்து மாடி. இடிந்தால் கார் நசுங்கிவிடும் என்று அத்தனை காரையும் தெருவில் கொண்டுபோய் விட்டார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. அதனால் காலியான இடத்தில், அதே ஐந்து மாடிக்கு அடியில், நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நானும் ஸ்கூட்டரை வெளியே தள்ளிவிட்டு, நிழலுக்கு உள்ளே வந்து நின்றேன்.

"சார், நீங்க பிசிக்ஸ்தானே? கொஞ்சம் எக்ஸ்ப்ளைன் பண்ணுங்க," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? "பூமிக்குள்ள பாறைப் பிளவோட ரெண்டு பக்கமும் வருஷக்கணக்கா முட்டிக்கிட்டு நிக்கும். ஒருநாள் சட்டுனு வழுக்கும். சேர்ந்த ஆற்றல்ல பெரும்பகுதி அங்கேயே உராய்ஞ்சு சூடாகும், பாறையை நொறுக்கும். மிச்சம் கொஞ்சம்தான் அலையாக் கிளம்பும்."

"நம்ம சங்க மீட்டிங் மாதிரின்னு சொல்லுங்க," என்றார் இரண்டாம் மாடிக்காரர். "உள்ளயே சூடாகி முடிஞ்சிடுது, தண்ணி லாரி மட்டும் வர்றதில்ல."

"நமக்கு வந்தது கடல் தாண்டி வந்த மிச்சத்துல மிச்சம். இதுக்குப் போய் பயப்படலாமா?" என்றேன் கம்பீரமாக. மூன்று மாடியைப் பறந்து இறங்கியவன் பேச்சு!

பெரும்பாக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அம்மா மட்டும் வெட்டவெளியில், வெயிலில் நின்றார். எங்களில் புத்தியோடு நின்றது அவர் ஒருவர்தான்.

"இன்னா சார், நீங்க மட்டும் கீறீங்க, அக்கா எங்க?" என்றார் என்னைப் பார்த்து.

என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாக்கர் இல்லாமல் ஓரடி வைக்க முடியாது. லிஃப்டை வேறு நிறுத்திவிட்டார்கள். மூச்சு வாங்கப் படியேறினேன்.

அவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேங்க. காதுல விழலையா?"

"இல்லம்மா," என்றேன்.

விழுந்தது. இரண்டு தடவையும்.