ரேகை விழாத கட்டைவிரல்

“…நான் என்னா சார் பண்றது, முந்திரிக்கொட்ட பாலு ரேகய தின்னுடுச்சு” என்ற அஞ்சலை அத்தையின் குரல், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எங்கோ கொட்டை சுடும் புகை ஜன்னலில் ஏறியதும் இன்றும் என் காதில் விழுந்தது. மாமா போன பிறகு அத்தை முந்திரித் தோப்பில் ஒண்டியாக இருந்தாள். சருகு நொறுங்குவதும் கொட்டை உடைபடுவதும்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கட்ட அந்த இடத்தைக் கேட்டு வந்தவர்கள் அவள் கட்டைவிரலில் மூன்று தரம் மை தடவியும் கைநாட்டு விழவில்லை. விழாமலே போகட்டும், தோப்பு மிஞ்சட்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

“ஏழைப் புள்ளைங்க இன்ஜினியர் ஆவறதுக்குத்தாம்மா” என்றார் அதிகாரி.

“எங்க அண்ணன் பொண்ணு இதுவும் படிக்குமா?” என்று அத்தை என்னைக் காட்டினாள்.

“கண்டிப்பா படிக்கும்.”

எட்டாவதோடு நின்றுபோன நான் இன்றுவரை அந்தப் பல்கலைக்கழகத்தின் கேட்டைத் தாண்டியதில்லை. உள்ளே மாடி மாடியாகக் கட்டடம், ஒரு முந்திரி மரம்கூட இல்லை.

அன்று அத்தை தோப்பைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, உள்ளங்கை முழுக்க மையைப் பூசிக்கொண்டு, ஐந்து விரலோடும் அந்தக் காகிதத்தில் அழுத்தினாள்.